டன்கெல்ட் – பர்னம்: குழந்தைகளோடு நடப்பதற்கு முன் எழும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு வடக்கே, டே ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே அமைந்த டன்கெல்ட், பர்னம் என்னும் இரு சிற்றூர்களைச் சுற்றிக் குடும்பத்தோடு நடக்க விரும்புவோர் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

ஸ்காட்லாந்தில் எத்தனையோ ஊர்கள் இருக்க, சிறு குழந்தைகளுடன் நடக்க ஏன் டன்கெல்ட்?

இங்கே நடைப்பாதைகள் குறுகியவை, ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் குழந்தை கண்ணால் பார்த்து வியக்கத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு பாதை பேரருவியில் முடிகிறது. இன்னொன்று ஊன்றுகோல்களின் மேல் சாய்ந்து நிற்கும் முதிய ஓக் மரத்தில் முடிகிறது. மற்றொன்று மீன் பிடிக்கும் விராலடிப்பான் என்னும் பெரும்பறவை கூடு கட்டும் ஏரிக்கரையில் முடிகிறது. மலைச்சிகரத்திலிருந்து தெரியும் தொலைதூரக் காட்சி பெரியவர்களுக்கு இன்பம் தரலாம், ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பொருட்டன்று. அதற்குத் தொட்டுப் பார்க்க மரமும், கல் எறிய நீரும், புகுந்து ஒளிந்துகொள்ளப் பொந்தும் வேண்டும். இவை மூன்றும் ஊரிலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே கிடைப்பதுதான் டன்கெல்டின் சிறப்பு.

பெர்த்திலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரை எடின்பரோவிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒருநாள் பயணமாகவே பார்த்துவிடலாம். டன்கெல்ட் வடகரையில், பர்னம் தென்கரையில். இரண்டையும் இணைப்பது பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் வடிவமைத்து 1809இல் முடிந்த கற்பாலம்.

காடுகளும் வயல்களும் தனியார் நிலங்கள் அல்லவா? நடக்க அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் நடமாடும் உரிமையை வழங்கியிருக்கிறது. அவ்வுரிமை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடுகளைச் சுற்றியுள்ள தோட்டம், பயிர் வளரும் நிலம், பள்ளி வளாகம் போன்றவை இதற்கு விலக்கு. பயிர் உள்ள வயலில் நடுவே இறங்காமல் வரப்போரமாகப் போகலாம். வேலிக்கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடிவிடவேண்டும், திறந்திருந்தால் அப்படியே விட்டுவிடவேண்டும். இந்த ஒரு பழக்கத்தைக் குழந்தைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள். கதவைத் திறந்து மூடும் பொறுப்பை ஒரு குழந்தையிடம் ஒப்படைத்தால் அது அந்த நடையையே தனக்குரியதாக எண்ணத் தொடங்கிவிடும்.

நான்கைந்து வயதுக் குழந்தைக்கு முதல் நடையாக எதைத் தேர்வது?

பர்னம் ஓக் மரத்துக்குப் போவதைத்தான் நான் முதலில் சொல்வேன். பர்னம் ஊரின் நடுவிலிருந்து டே ஆற்றங்கரைக்கு இறங்கினால் மரநிழலில் செல்லும் மட்டமான பாதை வரும். பெரியவர்களின் நடைக்குப் பத்து நிமிடத்தில் மரத்தை அடைந்துவிடலாம், குழந்தையின் நடைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டு வயதுடைய அம்மரத்தின் கீழ்க்கிளைகள் தம் எடையைத் தாமே தாங்க இயலாமல் மரக்கால்களின் மேல் தாங்கப்பட்டிருக்கின்றன. அடிமரம் உட்பொந்தாக இருப்பதால் அதைக் கண்ட எந்தக் குழந்தையும் அதைச் சுற்றிவராமல் விடாது. மரம் மிகவும் முதியது என்பதால் கிளைகளின்மீது ஏறவோ தொங்கவோ மட்டும் விடக்கூடாது.

ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில், பர்னம் காடு டன்சினேன் குன்றை நோக்கி வரும்வரை மன்னனுக்குத் தோல்வியில்லை என்று ஒரு குறி சொல்லப்படுகிறது. பகைவரின் வீரர்கள் இக்காட்டின் கிளைகளை வெட்டி முன்னே பிடித்துக்கொண்டு நகரும்போது காடே நடந்து வருவதாகத் தோன்றுகிறது. வரலாற்று மக்பெத் 11ஆம் நூற்றாண்டில் ஆண்டவர் என்பதால் இந்த ஓக் மரம் அவர் காலத்தது அன்று. ஆனால் அந்தப் பழங்காட்டின் கடைசி எச்சங்களுள் ஒன்றாக இதை இவ்வூரார் போற்றுகிறார்கள். போகும் வழியில் இக்கதையைச் சொல்லி, ஆளுக்கொரு விழுந்த சுள்ளியைக் கையில் கொடுத்து ‘நடக்கும் காடாக’ வரச்சொன்னால் கால்வலி என்ற பேச்சே எழாது. அருகில் நிற்கும் பெரிய சிக்கமோர் மரம் சுமார் 300 ஆண்டுகள் பழையது. பலரும் அதையே ஓக் என்று எண்ணிப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஊன்றுகோல் உள்ள மரமே ஓக்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் ஆற்றோரமாகவே டெல்ஃபோர்ட் பாலத்துக்குச் சென்று, அதைக் கடந்து டன்கெல்ட் பேராலயத்தின் புல்வெளியில் அமர்ந்து சாப்பிடலாம். 1260இல் தொடங்கி 1501இல்தான் கட்டி முடிந்த அந்த ஆலயத்தின் ஒரு பகுதி இன்று கூரையில்லாமல் நிற்கிறது, மறுபகுதியில் வழிபாடு தொடர்கிறது. மழைக்காலத்தில் டே ஆறு பெருகினால் ஓக் மரத்தையொட்டிய தாழ்வான பாதையில் நீர் ஏறிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

ஹெர்மிடேஜ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே என்ன இருக்கிறது?

டன்கெல்டுக்கு மேற்கே பிராண் என்னும் சிற்றாறு பாறைகளுக்கிடையே பாய்ந்துவந்து டே ஆற்றில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த காடு அது. ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது; நடக்கக் கட்டணமில்லை, வாகனம் நிறுத்த உறுப்பினரல்லாதோர் பணம் செலுத்தவேண்டும். நிறுத்துமிடத்திலிருந்து அருவிவரை போய்த் திரும்பினால் மொத்தத் தொலைவு 3 கிலோமீட்டருக்கும் குறைவு.

பாதை முதலில் ரயில்பாலத்தின் அடியே நுழைகிறது. நேரம் வாய்த்தால் தலைக்குமேல் ரயில் ஓடும் ஓசையைக் குழந்தைகள் நின்று கேட்பார்கள். அதன்பின் டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் தொடங்குகின்றன. பிரிட்டனின் மிக உயரமான மரங்களுள் சேர்த்து எண்ணப்படுபவை இங்கே நிற்கின்றன. 60 மீட்டர் என்றால் ஏறக்குறைய இருபது மாடிக் கட்டடம். மரத்தின் அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். நின்று அண்ணாந்து பார்ப்பதில் அந்த உயரம் பிடிபடுவதில்லை.

அடுத்து வருவது ஓசியன் மண்டபம். அத்தோல் கோமகன் குடும்பத்தார் 1757இல் அருவியைப் பார்ப்பதற்கென்றே கட்டிய சிறு மண்டபம் அது. பழைய நாளில் உள்ளே நுழைபவர்முன் ஓசியன் என்னும் கண்ணிழந்த பாணரின் ஓவியம் இருக்கும். அது சட்டென விலக, கண்ணாடிகள் பதித்த அறையும் அதில் எல்லாப் பக்கமும் பாய்வதுபோல் தெரியும் அருவியும் வெளிப்படும். 1869இல் வெடிவைத்துச் சிதைக்கப்பட்ட அம்மண்டபம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்றும் கண்ணாடிகள் உண்டு. அருவியின் ஓசை கூடிக்கொண்டே வர, நீர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்க, மண்டபத்தின் உள்வாசலைக் கடந்ததும் பிளாக் லின் அருவி காலடியில் கொட்டுவதைக் காணும் அந்தக் கணத்தை முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். சிறுவரை இருபுறமும் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக மேல்நோக்கிப் போகும்போது இந்த அருவியில் தாவுவதைக் காணலாம். பல தாவல்கள் பாறையில் மோதி வீணாகும். ஒவ்வொரு முறையும் குழந்தைகள் எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்பதற்காகவே இலையுதிர்காலத்தில் வரலாம். மழை பெய்து ஓரிரு நாள் ஆனபின் வருவது நல்லது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பிராண் ஆற்றின் பாறைகள் ஈரத்தில் வழுக்கும், நீர் ஆழமானது, கோடையிலும் கடுங்குளிர்ச்சியானது. படமெடுப்பதற்காகப் பாறை விளிம்புக்குப் போகவேண்டாம். நடக்கத் தெரிந்த குழந்தை கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கவேண்டும்.

தள்ளுவண்டி போகுமா? சொந்த ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி தாத்தாவையும் அழைத்துவரலாமா?

ஓசியன் மண்டபம் வரையிலான பாதை அகலமானது, ஏற்றமும் மெதுவானது. பெரிய சக்கரமுள்ள தள்ளுவண்டி போகும்; பயணத்துக்கென்று வாங்கும் இலகுவான சிறுசக்கர வண்டி வேர்களிலும் சரளையிலும் திணறும். மண்டபத்துக்கு அப்பால் பாதை கரடுமுரடாகிறது, ஆகவே கைக்குழந்தையை முதுகிலோ மார்பிலோ சுமப்பதே வசதி.

முதியவர்கள் தாராளமாக வரலாம், ஆனால் மரநிழலும் ஆற்றுச்சாரலும் சேரும் இடத்தில் குளிர் டன்கெல்ட் ஊருக்குள் இருப்பதைவிட அதிகம் என்பதால், கோடையிலும் அவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் வேண்டும். செருப்போடு அழைத்து வராதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஹெர்மிடேஜைவிட டன்கெல்ட் பேராலய வளாகமே ஏற்றது, ஏனெனில் அங்கே மட்டமான புல்வெளியும் ஆற்றுக்காட்சியும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இவ்வளவு மரங்கள் எப்படி வந்தன? இது இயற்கைக் காடா?

பெரும்பகுதி மனிதர் நட்டது. பேராலயத்துக்கு மேற்கே, சற்றுத் தூரத்தில் நிற்கும் முதிய லார்ச் மரத்திலிருந்து இக்கதையைத் தொடங்கலாம். ஆல்ப்ஸ் மலையின் திரோல் பகுதியிலிருந்து கொண்டுவந்து 1738இல் நட்ட கன்றுகளுள் இங்கே எஞ்சியிருப்பது அது ஒன்றே. சுற்றுப்புற மலைகளை மூடிய லார்ச் காடுகளுக்கு விதை தந்தவை அந்த மரங்கள் என்பதால் அதற்குத் ‘தாய் லார்ச்’ என்று பெயர். அத்தோல் கோமகன்கள் தலைமுறை தலைமுறையாக நட்ட மரங்கள் ஒரு கோடிக்கும் மேல். ஆள் ஏறமுடியாத பாறைச்சரிவுகளில் விதைகளைப் பீரங்கியில் அடைத்துச் சுட்டு விதைத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ இல்லையோ, குழந்தைகள் மறக்காத கதை.

டக்ளஸ் ஃபிர் இதற்குப் பிறகு வந்தது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்கோன் என்னும் ஊரில் 1799இல் பிறந்த டேவிட் டக்ளஸ், வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் அலைந்து அம்மரத்தின் விதைகளை 1820களில் பிரிட்டனுக்கு அனுப்பினார். அதாவது ஹெர்மிடேஜில் நிற்கும் அந்த நெடுமரங்கள் எவையும் இருநூறு ஆண்டு வயதைத் தாண்டியவை அல்ல. லார்ச் ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பது. அக்டோபர் இறுதியில் அது பொன்னிறமாகும்போது டன்கெல்டைச் சுற்றியுள்ள மலைகள் முழுவதும் நிறம் மாறுகின்றன.

விராலடிப்பான் பறவையை எங்கே, எப்போது பார்க்கலாம்?

டன்கெல்டுக்கு வடகிழக்கே உள்ள லோஸ் ஏரியில் பார்க்கலாம். ஸ்காட்டிஷ் வனவுயிர் அறக்கட்டளை நடத்தும் காப்பகம் அது. ஊரிலிருந்து ஃபங்கார்த் பாதையில் ஒருவழிக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். ஆறேழு வயதுக் குழந்தைக்குப் போய்வர இயலும், அதற்குக் கீழே உள்ளவர்களை வாகனத்தில் கொண்டுபோய்க் காப்பகத்துக்குள் மட்டும் நடக்கவிடுங்கள். நுழைவுக்குக் கட்டணம் உண்டு.

விராலடிப்பான்கள் ஏப்ரல் வாக்கில் வந்து, ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுவிடும். இதே இனப் பறவை குளிர்காலத்தில் தமிழகத்து நீர்நிலைகளிலும் தென்படும் என்றாலும், அங்கு வருபவை வேறு வடநாடுகளிலிருந்து வருபவை. வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் இனப்பெருக்கம் செய்வதே அற்றுப்போன இப்பறவை, 1950களில் தானே திரும்பி வந்தது என்பதைக் குழந்தைகளிடம் சொல்லத் தவறாதீர்கள். குஞ்சு பொரித்து, தாய்தந்தைப் பறவைகள் ஓயாமல் மீன் கொண்டுவரும் ஜூன், ஜூலை மாதங்களே பார்க்க உகந்தவை. மறைவிடங்களில் தொலைநோக்கிகள் இருக்கும். நாயைக் காப்பகத்துக்குள் அழைத்துச் செல்ல அனுமதியில்லை.

பறவை வராத வேளையிலும் பார்வையாளர் மையத்தின் சன்னலோரத்தில் செந்நிற அணில்கள் தீனி தின்ன வருவதுண்டு. ஏரிக்கரையில் பென்சில் சீவியதுபோல் கூராகக் கடிபட்டு நிற்கும் அடிமரங்களைக் கண்டால் அது மரத்தைக் கடித்து வீழ்த்தும் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் வேலை. 2019 மே மாதம் முதல் ஸ்காட்லாந்தில் பீவர் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் வெளிவரும் விலங்கு என்பதால் சிறு குழந்தைகளுக்கு அதன் அடையாளங்களைக் காட்டுவதோடு நிறைவடைய வேண்டியிருக்கும்.

பீட்டர் முயலுக்கும் இவ்வூருக்கும் என்ன தொடர்பு?

பீட்டர் முயல் என்னும் குழந்தைக் கதையை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் சிறுவயதில் கோடை விடுமுறைகளை டன்கெல்டுக்கு அருகிலுள்ள டால்கைஸ் மாளிகையில் கழித்தவர். 1893 செப்டம்பரில் டன்கெல்டில் தங்கியிருந்தபோது, நோய்வாய்ப்பட்டிருந்த ஒரு சிறுவனை மகிழ்விக்க அவர் படங்களோடு எழுதிய கடிதமே பின்னர் அக்கதையாயிற்று. இப்பகுதியின் காளான்களை ஆராய்ந்து அவர் வரைந்த ஓவியங்களுக்கு, சார்லஸ் மக்கின்டாஷ் என்னும் உள்ளூர் அஞ்சல்காரர் மாதிரிகளும் அறிவுரையும் தந்து உதவினார். பர்னத்தில் பாட்டருடைய கதைமாந்தரின் சிறு வெண்கலச் சிலைகள் உள்ள தோட்டம் இருக்கிறது. ஓக் மர நடைக்கு முன்னோ பின்னோ அரைமணி நேரம் அங்கே ஒதுக்கலாம்.

பர்னம் குன்றின்மேல் குழந்தைகள் ஏறலாமா?

எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய குழந்தைகள் ஏறலாம். உயரம் 404 மீட்டர்தான், ஆனால் ஆற்றுமட்டத்திலிருந்து ஏறத் தொடங்குவதால் சில இடங்களில் நல்ல செங்குத்து. மேகம் குன்றை மூடியிருந்தால் மற்றொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். சிறியவர்களை இழுத்துக்கொண்டு ஏறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கீழே இத்தனை நல்ல பாதைகள் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மே மாதமும் அக்டோபரும். மே மாதத்தில் புதுத்தளிரும் காட்டுத்தரையில் நீலமணிப் பூக்களும் இருக்கும், பகல் நீளும். அக்டோபரில் இலை நிறமும் சால்மனும். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஹெர்மிடேஜ் வாகன நிறுத்துமிடம் முற்பகலிலேயே நிரம்பிவிடும் என்பதால் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். ஜூனில் இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறைகிறது. டிசம்பர் நடுவிலோ பிற்பகல் மூன்றரை மணியளவிலேயே மறைந்துவிடும், மரங்களடர்ந்த பள்ளத்தாக்கில் இருட்டு அதற்கு முன்பே இறங்கும். குளிர்காலத்தில் இரண்டரை மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது? என்ன எடுத்துச் செல்வது?

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உலர நேரமாகும், உடம்பைக் குளிரச் செய்யும். மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதன்மேல் மழை ஜாக்கெட் என்று அடுக்கி உடுத்தினால் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பக் கழற்றவும் போடவும் முடியும். வானிலை முன்னறிவிப்பில் வெயில் என்றிருந்தாலும் மழை ஜாக்கெட் பையில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு மாற்றுக் காலுறையும் மாற்றுக் காற்சட்டையும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் நீர்க்குட்டையில் குதிக்காத குழந்தையை நான் இதுவரை கண்டதில்லை. குடிநீர், ஃபிளாஸ்கில் சூடான பானம், எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிகமான தின்பண்டம் ஆகியவை போதும். நடைக்கு முன் ஊரிலேயே கழிப்பறைக்குச் சென்றுவிடுவது நல்லது.

உண்ணியும் மிட்ஜ் பூச்சியும் ஆபத்தானவையா?

மிட்ஜ் வெறும் தொல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள இந்தக் கடிப்பூச்சி மே இறுதி முதல் செப்டம்பர் வரை, காற்று அசையாத காலையிலும் மாலையிலும் கூட்டமாக வரும். காற்று வீசினால் மறைந்துவிடும். டன்கெல்டில் இதன் தொல்லை மேற்குக் கரையோர அளவுக்கு இராது.

உண்ணியைப் பொறுத்தவரை அலட்சியம் கூடாது. மான்கள் நடமாடும் புதர்களிலும் உயர்ந்த புல்லிலும் இருந்து தோலில் ஏறி ஒட்டிக்கொள்ளும் இது, லைம் என்னும் நோயைப் பரப்பக்கூடியது. முழுக்காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பாதையைவிட்டு விலகிப் புதருக்குள் போவதைக் குறையுங்கள். அன்று மாலையே குழந்தையின் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடியோரம் ஆகிய இடங்களை நன்றாகப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உண்ணி இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தடவுவதும் தீயால் சுடுவதும் தீங்கு. அடுத்துவரும் வாரங்களில் கடித்த இடத்திலிருந்து வட்டமாகப் பரவும் தடிப்போ, காய்ச்சலோ தோன்றினால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் நோய் எதிர்ப்பு மருந்தால் குணமாகும்.

வழியில் ஆடுமாடுகள் இருந்தால்?

கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்தின் நடுவே ஒருபோதும் போகவேண்டாம். சுற்றிப் போங்கள் அல்லது வேறு வழி பாருங்கள். இளவேனிலில் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் காலத்தில் செம்மறி மேயும் நிலங்களில் நாயை அழைத்துச் செல்வதைத் தவிர்க்கவேண்டும். தனியாக நிற்கும் குட்டியைத் தொலைந்ததாக எண்ணிக் குழந்தைகள் தூக்க ஓடுவார்கள்; தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும் என்று சொல்லி நிறுத்துங்கள்.

கார் இல்லாமல் வரமுடியுமா?

முடியும். பெர்த் வழியாக இன்வர்னஸ் போகும் ரயில்பாதையில், 1856இல் திறக்கப்பட்ட ‘டன்கெல்ட் – பர்னம்’ நிலையம் இருக்கிறது. பெர்த்திலிருந்து இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ ஆகும். வண்டிகள் அடிக்கடி இல்லை, ஆகவே திரும்பும் வண்டியின் நேரத்தைப் புறப்படும்போதே குறித்துக்கொள்ளுங்கள். நடைமேடை தாழ்வானது என்பதால் தள்ளுவண்டியை முன்பே மடித்துவைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே ஏ9 நெடுஞ்சாலை ஓடுகிறது. அதைக் குறுக்கே கடக்க முயலாமல் வழிகாட்டிப் பலகைகள் காட்டும் நடைபாதையிலேயே செல்லுங்கள்.

ரயிலில் வருபவர்கள் ஓக் மரம், பாட்டர் தோட்டம், பேராலயம் என்று ஆற்றோரமாகவே ஒரு நாளை அமைத்துக்கொள்ளலாம். ஹெர்மிடேஜுக்கு நடந்தே போகவும் பாதை உண்டு, ஆனால் போகவர ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கூடும். அன்றைக்கு அது ஒன்றே போதும்.

வழி தவறினாலோ யாரேனும் விழுந்தாலோ யாரை அழைப்பது?

999ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, அவர்களிடம் மலைமீட்புக் குழு வேண்டுமென்று சொல்லவேண்டும். வெறும் காயத்துக்கு ஆம்புலன்ஸைக் கேட்கலாம். பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு எல்லா இடத்திலும் அலைவரிசை கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருங்கள், எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். விவரம் தெரிந்த குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவைத்து, பிரிய நேர்ந்தால் நடந்துகொண்டே போகாமல் பாதையிலேயே நிற்கவேண்டும் என்று சொல்லிவையுங்கள்.